ஒரு மரக்கரண்டியைக் கையால் செதுக்குவது எப்படி

கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கிய மரக்கரண்டி முறிந்துபோனால் அதை உடனே எறிந்துவிடாமல், எந்த இடத்தில் முறிந்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் குழியும் காம்பும் சேரும் கழுத்தில்தான் முறிந்திருக்கும். முறிந்த முகத்தில் மரத்தின் நார் காம்பின் நீளத்துக்கு ஓடாமல் குறுக்கே சரிந்து வெளியேறியிருப்பதும் தெரியும். பலகையை இயந்திர வாளில் கொடுத்து, ஒரே அச்சை வைத்து வரைந்து, வரிசையாக அறுத்தெடுக்கும்போது நார் எந்தப் பக்கம் போகிறது என்று நின்று பார்க்க எவருக்கும் நேரமில்லை. கையால் செதுக்கும் ஓடாவியார், அதாவது தச்சர், முதல் அடியிலேயே வேறு வழியில் போகிறார்: அவர் மரத்தை அறுப்பதில்லை, பிளக்கிறார். பிளவு தானாகவே நாரின் வழியே ஓடுவதால், அதிலிருந்து கிடைக்கும் கட்டையில் நார் நுனியிலிருந்து அடிவரை அறுபடாமல் இருக்கும். கையால் செய்த கரண்டி மெல்லியதாக இருந்தும் பல வருடம் உழைப்பதற்கு முதற்காரணம் இதுவே. இங்கே சொல்லப்போகும் மரத்தெரிவும் வெட்டும் முறையும் உலர்த்தலும் எல்லாம் இந்த நாரோட்டத்தைக் காப்பாற்றுவதற்காகவே.

நான் இந்த வேலையைக் கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் பட்டறை வைத்திருந்த முதிய ஓடாவியார் ஒருவரிடம் சனிக்கிழமைகளில் போயிருந்து பழகினேன். கதவும் யன்னலும் அவருடைய தொழில். அகப்பைக் காம்பு, துடுப்பு, மத்து, கரண்டி ஆகியவை கேட்டு வருவோருக்காக மிஞ்சிய மரத்தில் செய்து கொடுப்பவை. "தம்பி, நீங்கள் நினைச்ச பக்கத்துக்கு விடாதேங்கோ, மரம் போற பக்கத்துக்கு விடுங்கோ" என்று அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எனக்குக் கணக்கில்லை. அவரிடம் கற்றதையும், பிறகு வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பல்கனியில் இருந்து செய்து பார்த்ததில் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதன்முதலாகச் செய்பவர் குழியுள்ள கரண்டியில் தொடங்கவேண்டாம் என்பது என் கருத்து. களி கிண்டவும் கூழ் துழாவவும் பாவிக்கும் தட்டையான துடுப்பு ஒன்றை முதலில் செய்யுங்கள். அதில் குழி இல்லை என்பதைத் தவிர மற்ற எல்லாம் இருக்கிறது. இரண்டு துடுப்புச் செய்து முடித்தவருடைய கைக்கு, நார் எங்கே இணங்கும் எங்கே கிழியும் என்பது ஓரளவு தெரிந்திருக்கும்.

மரம் தேடுதல்

கரண்டிக்கு வேண்டியது உலர்ந்த பலகை அல்ல, அண்மையில் வெட்டிய பச்சை மரம். ஈரமுள்ள மரத்தில் கத்தி மெழுகில் போவதுபோல் போகும். அதே மரம் உலர்ந்தபின் உளிக்கும், அதை அடிக்கும் மரச்சுத்தியலான கொட்டாப்புளிக்கும்தான் அசையும். கொழும்பில் பச்சை மரம் கிடைப்பது நினைப்பதைவிட எளிது. மின்கம்பிக்கு இடைஞ்சலான கிளைகளை வெட்டும்போதும், மழைக்காற்றில் கிளை முறிந்து விழும்போதும், வீட்டுத் தோட்டத்தில் மாமரத்தைக் கவாத்துச் செய்யும்போதும் கேட்டால் தருவார்கள். 12 முதல் 15 செ.மீ. விட்டமும் 40 செ.மீ. நீளமும் கொண்ட, கணு இல்லாத ஒரு துண்டு போதும். கிடைத்த அன்றே வேலை தொடங்க முடியாவிட்டால் வெட்டுமுகங்கள் இரண்டிலும் மெழுகையோ பழைய பெயின்ற்றையோ பூசி, பிளாஸ்டிக் பையில் கட்டி நிழலில் வையுங்கள். மரம் தன் ஈரத்தை வெட்டுமுகத்தின் வழியாகத்தான் மிக விரைவாக இழக்கும். வெடிப்பும் அங்கிருந்தே தொடங்கும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லவேண்டும். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றையும் அனுமதியின்றி வெட்டுவதை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுக்கிறது. ஒரு கரண்டிக்காகப் பலாமரத்தை வெட்டச்சொல்லி எவரையும் கேட்காதீர்கள். அனுமதியோடு வெட்டியவர்களிடம் மிஞ்சிய துண்டையோ மரக்காலையில் கழிவாகக் கிடப்பதையோ வாங்கிக்கொள்ளுங்கள்.

பலாவைத் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. மிருதங்கமும் தவிலும் வீணையும் பலாமரத்தில் குடையப்படுவதை நாம் அறிவோம். குடைவதற்கு இணங்கி, குடைந்தபின் உறுதியாக நிற்கும் மரம் அது. அதன் வைரம், அதாவது முதிர்ந்து இறுகிய மரப்பகுதி, வெட்டிய புதிதில் நல்ல மஞ்சளாக இருந்து, வருடம் போகப்போகத் தேன்நிறமாகிப் பின் கபிலமாகும். ஆனால் அந்த மஞ்சள் வெறும் நிறம் மட்டுமல்ல, நீரில் இறங்கும் சாயம். பௌத்த பிக்குகளின் சீவர ஆடைகளுக்கு இந்த வைரத்தைக் கொதிக்கவைத்தே சாயம் எடுத்து வந்தார்கள். ஆகவே பலாக்கரண்டியைச் சொதிக்குள் விடும்முன் கொதிநீரில் அரைமணி நேரம் இட்டு, நீரை மாற்றி மறுபடியும் இடவேண்டும். பச்சைப் பலாவில் பாலும் உண்டு. கத்தியில் ஒட்டும் அந்தப் பாலைத் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும்.

என்னைக் கேட்டால் பலாவுக்கும் முன்னே பூவரசைச் சொல்வேன். ஊரில் வேலிக்கும் ஆட்டுக்குக் குழைக்கும் நட்ட மரமென்று அதை நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். கடற்காற்றில் நன்றாக வளரும் அந்த மரம் கொழும்பின் கரையோரத்திலும் நிற்கிறது. அதன் வைரம் கருஞ்சிவப்புக் கலந்த கபிலநிறம், நார் நெருக்கமானது, உணவில் சுவையையோ மணத்தையோ இறக்காது. ஹவாய்த் தீவினர் இதே மரத்தை மீலோ என்று அழைத்து, உணவுக் கிண்ணங்கள் குடைவதற்கு விரும்பி எடுத்து வந்ததும் அந்தக் குணத்துக்காகவே.

வேம்பும் நல்லதே. கசப்பு முதல் சில நாட்கள் தெரியும், பிறகு போய்விடும். ஆனால் அதன் நார் ஒன்றோடொன்று பின்னி ஓடுவதால் தொடக்கக்காரருக்குச் சிரமம் தரும். கொய்யா மெல்லிய கிளையாகத்தான் கிடைக்கும், சிறிய கரண்டிகளுக்கு உகந்தது. மா மிக இலகுவாகச் செதுக்கலாம், ஆனால் நீரில் விரைவாகப் பழுதடையும். அதன் பால் சிலருக்குத் தோலில் எரிவையும் கொப்புளத்தையும் ஏற்படுத்தும். முதிரையின் பொன்னிறத்தைப் பார்த்து ஆசைப்படாதவர் இல்லை. என்றாலும் அது இரும்புபோலக் கடினம், அதன் தூள் தோலில் கடியை உண்டாக்குவதாகவும் பெயர்பெற்றது. தென்னையும் பனையும் வேறு இனம். உள்ளே வைரம் கொண்டதை அகக்காழ் என்றும் வெளியே வைரம் கொண்டதைப் புறக்காழ் என்றும் பழந்தமிழர் பிரித்தார்களே, அந்தப் பிரிவு கரண்டி செதுக்குபவருக்கு இன்றும் பயன்படுகிறது: தென்னையின் வெளிவட்டத்தில் மட்டுமே பலம் உண்டு, அதுவும் தும்பு தும்பாகப் பிரியும். அகப்பைக் காம்புக்கு அது சரி, குழிக்குச் சரிவராது.

தொடவே கூடாதவையும் உள்ளன. அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சு. மஞ்சள் அலரியும் அப்படியே. காஞ்சிரை என்னும் எட்டியும் நஞ்சு. களப்போரங்களில் நிற்கும் தில்லையின் பால் கண்ணைக் கெடுக்கும். பெயர் தெரியாத மரத்தைக் கரண்டிக்கு எடுக்கவேண்டாம். பழைய கதவு, யன்னல் மரங்களில் ஈயம் கலந்த பெயின்ற் இருந்திருக்கலாம். இறப்பர் மரப்பலகைக்குப் பூச்சி அரிக்காமல் இருக்கப் போரன் சேர்ந்த மருந்து ஏற்றுவது வழக்கம். ஒருமுறை மரக்காலை ஒன்றில் பலா என்று சொல்லித் தந்த துண்டை வாங்கி வந்து, பாதி குழி குடைந்தபின் மருந்து வாடை அடிப்பதை உணர்ந்தேன். மூன்று நாள் வேலையை விட்டுவிட மனம் வரவில்லை, ஆனாலும் விட்டேன். சமைக்கும் பாத்திரத்துக்குள் போகும் பொருளில் சந்தேகத்துக்கு இடமில்லை.

கருவிகள்

தேவையானவை சிலவே: பிளப்பதற்கு ஒரு மன்னாக் கத்தியும் மரத்தாலான கொட்டனும், பருமனாகக் குறைப்பதற்கு வாய்ச்சியோ சிறு கைக்கோடரியோ, குழிக்கு வளைந்த வாயுள்ள நகவுளி ஒன்று, மீதிக்கெல்லாம் 8 செ.மீ. அலகுள்ள நேர்க்கத்தி ஒன்று. கைவாள், பென்சில், அடிமட்டம் வீட்டில் இருக்கும். பழைய சோனகத் தெருவின் வன்பொருட் கடைகளில் உளிகளும் தீட்டுக்கல்லும் வாங்கலாம். நகவுளி மட்டும் நல்லதாக வேண்டுமானால் மொறட்டுவைவரை போவது நல்லது. தலைமுறைகளாகத் தளபாட வேலை நடக்கும் ஊர் என்பதால் கைக்கு அடக்கமான உளியைக் காட்டித்தரக்கூடிய மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். கரையோரப் புகையிரதத்தில் தெகிவளை, கல்கிசை, இரத்மலானை தாண்டினால் அடைந்துவிடலாம். 20 முதல் 25 மி.மீ. அகலமும் ஆழ்ந்த வளைவும் உள்ளதைக் கேளுங்கள்.

கருவியின் விலையைவிட அதன் கூர்தான் முக்கியம். கூர் மழுங்கிய கத்தியை அழுத்தவேண்டியிருக்கும். அழுத்தும் கத்திதான் வழுக்கிக் கையை வெட்டும். அலகின் இரு பக்கச் சரிவும் சேர்ந்து 20 முதல் 25 பாகை வரும்படி, தீட்டுக்கல்லில் நீர் விட்டு, சரிவு முழுவதும் கல்லில் படியுமாறு தேய்த்து, பிறகு பழைய தோல் இடைவாரில் முதுகுப்புறமாக இருபது தடவை இழுங்கள். நகவுளியின் வெளிவளைவை உருட்டியபடி தீட்டவேண்டும். உட்புறத்தில் விழும் பிசிரை, ஒரு குச்சியில் சுற்றிய நுண்ணிய அரத்தாளால் எடுக்கலாம். கடதாசியின் ஓரத்தை இழுக்காமல் சீவினால் கூர் போதும். கடலோரத்தில் வசிப்பவர்கள் வேலை முடிந்ததும் அலகுக்கு எண்ணெய் பூசாமல் விட்டால் மறுநாளே துரு பிடிக்கும். என் பல்கனி எனக்குக் கற்பித்த முதற்பாடம் இது.

பிளத்தலும் வரைதலும்

கட்டையை நிமிர்த்தி நிறுத்தி, வெட்டுமுகத்தின் மையத்துக்குக் குறுக்கே மன்னாக் கத்தியை வைத்து, அதன் முதுகில் கொட்டனால் அடியுங்கள். இரும்புச் சுத்தியலால் அடித்தால் கத்தியின் முதுகு சிதையும். இந்த வேலையை அடுக்குமாடியில் செய்வது கீழ்வீட்டாருக்கு நியாயம் அல்ல. நான் கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு தடித்த மரக்குற்றியின்மேல் வைத்துப் பிளந்துவிட்டே மேலே கொண்டுபோவேன். கட்டை இரண்டாகப் பிரிந்ததும் பிளந்த முகத்தை ஆறுதலாகப் பாருங்கள். நார் நேராக ஓடினால் முகம் தட்டையாக இருக்கும். முறுகி ஓடினால் முகமும் காற்றாடி இறகுபோல் முறுகியிருக்கும். அதை அடுப்புக்கு விட்டுவிடுங்கள்.

மையத்தில் உள்ள மென்மையான சோற்றியை முழுவதுமாக நீக்கவேண்டும். ஏன் என்பதை அறிந்துகொண்டால் மறக்காது. மரம் உலரும்போது நீளவாக்கில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை. ஆனால் வளையத்தின் சுற்றுவழியே சுருங்கும் அளவு, மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்கும் அளவைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. இந்த இரண்டும் ஒத்துப்போகாத இடம் சோற்றி. அதைச் சுற்றியே மரம் வெடிக்கும். பிளந்த முகத்திலிருந்து ஒன்று, ஒன்றரை செ.மீ. வாய்ச்சியால் இறக்கிவிட்டால் சோற்றியும் போய்விடும், வரைவதற்குத் தட்டையான முகமும் கிடைக்கும். பட்டைப்பக்கத்தையும் இறக்கி, 32 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், 4 செ.மீ. தடிப்பு என்ற அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

கட்டையின் நடுவே நாரைப் பின்பற்றி ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டை ஒட்டியே கரண்டியை வரையுங்கள். கோடு சற்று வளைந்தால் கரண்டியும் வளையட்டும், நேராக்கப் போகவேண்டாம். குழி 9 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் இருந்தால் கறிச்சட்டிக்கு அளவாக இருக்கும். கழுத்தை 1.5 செ.மீ.க்குக் குறையாமல் விட்டு, காம்பு முனையை 2.5 செ.மீ. வரை விரித்து வரையலாம். இயற்கையாகவே வளைந்த கிளை கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். வளைவோடு நாரும் வளைந்திருப்பதால், வளைவு கழுத்தில் வரும்படி வரைந்தால் அள்ளுவதற்கு உகந்த அகப்பை கிடைக்கும். அதை முறிப்பது கடினம்.

குழி எடுத்தல்

வெளிவடிவத்தை வெட்டும்முன் குழியை எடுத்துவிடவேண்டும். கட்டை இன்னும் செவ்வகமாக இருப்பதால் அசையாமல் பிடிக்க முடியும். பழைய ஓடாவிமார் நிலத்தில் இருந்து, கட்டையைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு உளியை ஓட்டுவார்கள். அந்தப் பிடிக்குப் பல வருடப் பழக்கம் வேண்டும், நமக்கு வேண்டாம். தடித்த பலகையொன்றில் இரண்டு மரக்கட்டைகளை எதிரெதிரே ஆணியால் அறைந்து, நடுவே கரண்டிக் கட்டையை வைத்து, இடைவெளியில் ஓர் ஆப்பை இறுக்கினால் போதும்.

நாரோட்டம் என்பதன் பொருள் இந்த இடத்தில்தான் கைக்குத் தெரியவரும். பன்பாயை ஒரு பக்கம் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும், மறுபக்கம் தடவினால் சிலாம்பு ஏறும். மரமும் அதேபோல்தான். கத்தி எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கவேண்டும்; பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறினால் அலகு நாருக்கு அடியில் புகுந்து, மரத்தைச் சீவாமல் கிழிக்கும். ஆகவே குழிக்குள் நகவுளியை விளிம்பிலிருந்து அடிக்கு இறக்கி, அடியில் நிறுத்தி, எதிர்விளிம்பிலிருந்து மறுபடி இறக்கி, இரண்டு வெட்டும் அடியில் சந்திக்கும்படி செய்யவேண்டும். ஒரு விளிம்பில் தொடங்கி மறுவிளிம்புவரை ஒரே ஓட்டமாக உளியை விடுபவரின் குழியில், பிற்பாதி எப்போதும் பிய்ந்திருக்கும்.

முதலில் நாருக்குக் குறுக்கே, இட விளிம்பிலிருந்து நடுவுக்கும் வல விளிம்பிலிருந்து நடுவுக்குமாகக் கொட்டாப்புளியால் இலேசாகத் தட்டி எடுங்கள். குறுக்குவெட்டில் உளி நாருக்கு அடியில் புகுந்து ஓடிவிடும் ஆபத்து குறைவு. சீவல் சிறு சிறு துண்டுகளாக உடைந்து வரும். பாதி ஆழம் வந்ததும் கொட்டாப்புளியை வைத்துவிட்டு உளியைக் கையால் தள்ளுங்கள். வலக்கை தள்ள, இடக்கையின் விரல்கள் அலகைப் பிடித்துத் தடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்தத் தடுப்பு இல்லாவிட்டால் உளி எதிர்விளிம்பைத் தாண்டிப் பாயும். ஆழத்தை அளக்க விளிம்பின்மேல் ஒரு நேர்க்குச்சியை வைத்து, அதிலிருந்து அடிவரை அடிமட்டத்தை விடுங்கள். 15 மி.மீ. போதும். ஆழமான குழி அழகாகத் தோன்றும். ஆனால் சட்டியின் அடியில் கிடப்பதை வழித்தெடுக்க முடியாது.

கடைசிச் சில சீவல்களில் அவசரப்படவேண்டாம். நுனிப்பக்கமும் கழுத்துப்பக்கமும் நாரின் முனைகள் மேல்நோக்கி நிற்கும் இடங்கள். அங்கே உளியை நேராக விடாமல், சாய்த்து, ஓரமாக வழுக்கவிட்டால் மட்டுமே முகம் மினுங்கும். என் ஓடாவியார் குழிக்குள் பெருவிரலைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும்.

வெளிவடிவம்

இப்போது கழுத்தின் இரு பக்கமும் கைவாளால் கோட்டுக்குச் சற்று வெளியேவரை ஒவ்வொரு வெட்டு விடுங்கள். அது ஒரு தடுப்பு. பின் கட்டையை மரக்குற்றியின்மேல் நிறுத்தி, காம்புப் பக்கத்திலிருந்து கழுத்தை நோக்கி வாய்ச்சியால் இறக்கினால், துண்டு வாள்வெட்டோடு விழும், குழியைப் பிளக்காது. குழியின் தோளிலிருந்து கழுத்துக்கும் அதேபோல் இறக்கவேண்டும். கழுத்துத்தான் பள்ளம், இரண்டு பக்க மேடுகளிலிருந்தும் அங்கே இறங்குகிறோம். குழியின் முதுகில் அதற்கு மாறாக, மிகத் தடித்த இடத்திலிருந்து நுனிக்கும், அதே இடத்திலிருந்து கழுத்துக்குமாக வெட்டு போகும்.

வாய்ச்சியைத் தூக்கும்போது மறுகை கட்டையின் மேல்முனையில் இருக்கவேண்டும். வெட்டு எப்போதும் கட்டையின் கீழ்ப்பாதியில் விழவேண்டும். கத்திக்கு மாறியபின், அலகு தவறினால் எங்கே போய் நிற்கும் என்று ஒவ்வொரு வெட்டுக்கும் முன் பாருங்கள். அந்த வழியில் தொடையோ வயிறோ மறுகையோ இருந்தால் இருப்பை மாற்றுங்கள். இரண்டு பிடிகள் போதும். ஒன்று, கரண்டியை நெஞ்சோடு அணைத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, தோளை விரித்து வெட்டுவது. இதில் பலம் அதிகம், ஓட்டம் குறைவு, ஆகவே ஆபத்தும் குறைவு. மற்றது, பாக்குச் சீவுவதுபோலப் பெருவிரலை மரத்தின் பின்னால் முட்டுக்கொடுத்து அலகை உள்ளே இழுப்பது. பெருவிரல் அலகின் நேர்வழியில் இல்லாமல் சற்றுக் கீழே இருக்கவேண்டும்.

குழியின் சுவர் ஓரத்தில் 4 மி.மீ., அடியில் 5 மி.மீ. இருக்கட்டும். பெருவிரலை உள்ளேயும் சுட்டுவிரலை வெளியேயும் வைத்து நகர்த்தினால் தடிப்பு எங்கே கூடுகிறது என்று தெரிந்துவிடும். கழுத்தில்தான் பலருக்கும் மயக்கம் வருகிறது. அழகுக்காக அதை எல்லாப் பக்கமும் மெலிக்கிறார்கள். கரண்டியால் கிண்டும்போது விசை மேலும் கீழுமாகவே விழுகிறது. ஒரு தடியின் உயரம் இருமடங்கானால் அது வளையாமல் நிற்கும் தன்மை எட்டு மடங்காகும், அகலம் இருமடங்கானால் இருமடங்குதான். ஆகவே கழுத்தை மேலிருந்து பார்க்கும்போது ஒடுக்கமாகவும், பக்கத்திலிருந்து பார்க்கும்போது உயரமாகவும் விடுங்கள்: 14 மி.மீ. அகலம், 18 மி.மீ. உயரம். குழியின் முதுகிலிருந்து ஒரு மெல்லிய தண்டு காம்புக்குள் ஓடுவதுபோல் இருந்தால் பலமும் அழகும் ஒன்றாக வரும்.

நுனியின் வடிவத்தைச் சமைப்பவரிடம் கேட்டுச் செய்யுங்கள். வலக்கையர் பல காலம் பாவித்த மரக்கரண்டியில் நுனியின் இடப்பக்கம் தேய்ந்து தட்டையாகியிருப்பதைக் காணலாம். சட்டி அந்தப் பக்கத்தைத்தான் உரசுகிறது. அந்தத் தேய்வைத் தொடக்கத்திலேயே சிறிது கொடுத்துவிட்டால் மண்சட்டியின் அடியை வழிப்பது எளிதாகும். என் அம்மாவின் பழைய கரண்டியைப் பார்த்துத்தான் நான் இதைக் கற்றேன். அவர் இடக்கையர், அந்தக் கரண்டி மறுபக்கமாகத் தேய்ந்திருந்தது.

உலர்த்துதல்

கொழும்பில் கரண்டி கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 வீதத்துக்குக் கீழே இறங்கும்போதே சுருக்கம் தொடங்குகிறது. வெயிலிலோ மின்விசிறிக்குக் கீழேயோ வைத்தால் வெளிப்புறம் முதலில் சுருங்கி, உள்ளே ஈரம் நிற்க, விளிம்பு வெடிக்கும். காற்றே படாமல் மூடினால் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். நடுவழி இதுதான்: கரண்டியை அதன் சொந்தச் சீவல்களோடு ஒரு கடதாசிப் பையில் இட்டு, வாயை மடித்து, அறையின் நிழலான மூலையில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை சீவலை மாற்றுங்கள். ஐந்தாறு நாளின்பின் வெளியே எடுத்து நிழலில் விடலாம்.

எப்போது உலர்ந்தது என்பதை ஊகிக்கவேண்டாம். சமையலறைத் தராசில் நாள்தோறும் நிறுத்து எழுதுங்கள்; மூன்று நாள் நிறை மாறாவிட்டால் கொழும்பின் காற்றோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது. சனவரி, பெப்ரவரியில் பத்து நாளில் முடியும் வேலை, ஒக்டோபர், நவம்பர் மழையில் மூன்று வாரம்வரை இழுக்கும். பலாவைக் கொதிநீரில் இடுவதானால் உலர்த்தும்முன்னே இடுங்கள். வெடிப்பு விழுந்தால் பசை ஊற்றி மறைக்கவேண்டாம். அந்தப் பிளவுக்குள் உணவு தங்கும். கரண்டியைக் கைவிட்டு, காம்பை மட்டும் வேறொன்றுக்கு எடுங்கள்.

மினுக்குதலும் எண்ணெயும்

உலர்ந்தபின் கத்தியைப் புதிதாகத் தீட்டி, முழுக் கரண்டியையும் கடதாசிபோன்ற மெல்லிய சீவல்களால் ஒருமுறை சுற்றிவாருங்கள். கூரான கத்தி விட்ட முகம் நாரை மூடிவிடும். அரத்தாள் நாரின் முனைகளைச் சிலும்பிவிடும். நான் கத்திமுகத்தையே விரும்புகிறேன். அரத்தாள் வேண்டுவோர் 120, 180, 240 இலக்கத் தாள்களில் ஏறி, ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்து நார் எழும்பியதும் 320ஆல் இலேசாகத் தேய்க்கட்டும். சொரசொரப்பான பராய் இலையால் மரத்தை மினுக்கும் பழைய வழக்கமும் உண்டு; இலை கிடைத்தால் செய்து பாருங்கள், குழிக்குள் விரலோடு வளைந்து போக அதைவிட நல்லது இல்லை.

எண்ணெயில் நம்மவர் கை முதலில் தேங்காயெண்ணெய்க்குத்தான் போகும். அது தீங்கானது அல்ல, ஆனால் மரத்துக்குள் இறுகாது. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகும் எண்ணெய்களை அவற்றின் அயடீன் பெறுமானம் என்ற எண்ணால் அறியலாம், எண் கூடினால் இறுகும் தன்மையும் கூடும்: தேங்காயெண்ணெய்க்கு அது 10 அளவில், நல்லெண்ணெய்க்கு 110 அளவில், ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல். ஆளிவிதை எண்ணெய் உள்ளே போய் இறுகி நிற்கும். தேங்காயெண்ணெய் கழுவக் கழுவப் போய்க்கொண்டேயிருக்கும். உண்பதற்கென்று விற்கும் ஆளிவிதை எண்ணெயையே வாங்குங்கள். வன்பொருட் கடையில் கிடைக்கும், கொதிக்கவைத்தது என்ற பெயருள்ள எண்ணெயில் விரைவாக உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்ப்பார்கள். அது தளபாடத்துக்கு உரியது.

எண்ணெயை இளஞ்சூடாக்கி, தாராளமாகப் பூசி, அரைமணி நேரத்தில் மேலே நிற்பதை முழுவதும் துடைத்துவிடுங்கள். நாளுக்கு ஒன்றாக மூன்று பூச்சு. பிறகு இரண்டு, மூன்று வாரம் காற்றாட விடவேண்டும்; பிசுபிசுப்பும் மணமும் போனபின்னே சமையலுக்கு எடுக்கலாம். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடவேவேண்டாம். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். நீரில் நனைத்து, விரித்து உலர்த்தியபின் எறியுங்கள். விரும்பினால் நான்கு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு என்ற அளவில், சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிக் கடைசியாகப் பூசலாம். மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும் என்பதால் நேரடித் தீ தேவையில்லை, கொதிக்கும் கறிக்குள் அது நிலைக்கவும் மாட்டாது. பரிமாறும் கரண்டிக்கு மட்டும் போதும்.

பாவனையில் ஊறவிடாமல் உடனே கழுவி, குழி மேலே நிற்கும்படி காற்றுள்ள இடத்தில் நிறுத்துங்கள். மூடிய இழுப்பறைக்குள் போட்டால் இந்த ஊர் ஈரத்தில் கரும்புள்ளி விழும். மீன்வாடை ஏறினால் உப்பும் தேசிக்காய்ப் பாதியும் கொண்டு தேய்த்துக் கழுவலாம். முதல் சில கழுவல்களில் நார் சற்று எழும்பிச் சொரசொரக்கும். நன்றாக உலர்ந்தபின் கத்தியின் முதுகால் அழுத்தித் தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் படிந்துவிடும், பிறகு எழும்பாது.